லைட் அணைஞ்சு வர்ற அந்தச் சில நொடி

சென்னை மின்சார ரயில்ல தினமும் போறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே திடீர்னு லைட் அணையும், ஃபேன் நிக்கும். சில நொடியில எல்லாம் திரும்ப வந்துடும். பழக்கப்பட்டவங்க போன்ல இருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டாங்க. நான் ரொம்ப நாளா இதை ஏதோ லூஸ் கனெக்‌ஷன்னு நினைச்சேன். இத்தனைக்கும் இன்ஜினியரிங் படிச்சவன்! உண்மையில அது கோளாறே இல்லை. வேணும்னேதான் அப்படி அமைச்சிருக்காங்க.

முதல்ல அடிப்படை. இந்திய ரயில்வேயில தலைக்கு மேல போற கம்பியில இருக்கிறது 25,000 வோல்ட் ஏசி. கிரிட்டோட உயர் அழுத்த லைன்ல இருந்து ரயில்வே சப்ஸ்டேஷன் மின்சாரத்தை எடுத்து, டிரான்ஸ்பார்மர்ல 25,000 வோல்ட்டுக்கு இறக்கிக் கம்பிக்குக் கொடுக்குது. வண்டிக்கு மேல இருக்கிற பேண்டோகிராஃப் கம்பியை உரசிக்கிட்டே அதை வாங்கிக்கும். அந்தக் கரண்ட் தண்டவாளம் வழியா சப்ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகும்.

இங்கதான் ஒரு சிக்கல். கிரிட்ல மூணு ஃபேஸ் இருக்கு. ரயிலுக்கு வேண்டியது சிங்கிள் ஃபேஸ். எல்லா சப்ஸ்டேஷனும் ஒரே பக்கமா இழுத்தா கிரிட்டோட சமநிலை கெட்டுடும். அதனால ஒரு சப்ஸ்டேஷன் ரெண்டு ஃபேஸ்ல இருந்து எடுத்தா, அடுத்தது வேற ஜோடியில எடுக்கும். ரெண்டுமே 25,000 வோல்ட்தான். ஆனா அலை ஏறி இறங்குற நேரம் வேற வேற. ரெண்டும் தொட்டுக்கிட்டா ஷார்ட் சர்க்யூட்! அதைத் தடுக்க நடுவுல கரண்டே இல்லாத ஒரு சின்னத் துண்டு விட்டிருக்காங்க. அதுதான் நியூட்ரல் செக்‌ஷன்.

அதுக்கு 500 மீட்டர், 250 மீட்டர் முன்னாடியே எச்சரிக்கைப் பலகை இருக்கும். லோகோ பைலட் பவரை ஆஃப் பண்ணிட்டு, இருக்கிற வேகத்துலயே வண்டியை உருள விட்டு, தாண்டினதும் ஆன் பண்ணுவார். மறந்தா தீப்பொறி பறந்து கம்பியே சேதமாகலாம். வேகம் பத்தாம அந்தத் துண்டுல நின்னுட்டா வண்டி தானா நகர முடியாது.

இந்த அமைப்புல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு சப்ஸ்டேஷன் படுத்துட்டா, நடுவுல இருக்கிற ஸ்விட்சை மூடி, பக்கத்து சப்ஸ்டேஷன்ல இருந்து அந்தப் பகுதிக்கும் சப்ளை கொடுக்கலாம். நம்ம பாஷையில சொன்னா ஃபெயில்ஓவர்.

ஆனா 2012 ஜூலை 30ஆம் தேதி வட இந்திய கிரிட் மொத்தமா சரிஞ்சது. மறுநாளும் சரிஞ்சது, அன்னைக்குக் கிழக்கு, வடகிழக்கு கிரிட்டும் சேர்ந்து போச்சு. இப்போ பக்கத்து சப்ஸ்டேஷன்கிட்ட கேட்டு என்ன பண்றது? அங்கயும் இருட்டுதான். நூத்துக்கணக்கான ரயில்கள் அப்படியே நின்னுச்சு.

இன்னைக்கு அகல ரயில் பாதை கிட்டத்தட்ட முழுசுமே மின்மயம் ஆயிடுச்சு. டீசலுக்கே திரும்பிப் போவோம்னு நான் சொல்லலை. ஆனா கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கிறதும் இப்போ ரயில் ஓட்டுற வேலையில ஒரு பகுதிதான். "ரெண்டு சர்வர் வெச்சாச்சு, கவலை இல்லை"ன்னு நானும் மீட்டிங்ல சொல்லியிருக்கேன். ரெண்டுக்கும் கரண்ட் எங்க இருந்து வருதுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போ கேக்குறேன்.

அடுத்த தடவை லைட் அணைஞ்சா ஒரு நொடி நிமிர்ந்து பாருங்க. முன்னாடி ஒருத்தர் பலகையைப் பார்த்து, சரியான நேரத்துல கையை நகர்த்தியிருக்கார். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!