ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "செயற்கை அறிவு பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா, இப்ப அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க" என்றார். அதைப் பற்றிப் பேச ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். நான் 2012-ஆம் வருஷத்துப் பழைய சண்டை ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அது யாருக்குப்பா ஞாபகம் இருக்கும்?" என்று சிரித்தார். ஆனால் நம் சங்கம் இன்று எடுக்கப் போகிற ஒரு முடிவுக்கும் அந்தச் சண்டைக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வெளிவந்தது. திரையின் இடது கீழ் மூலையில் 'ஸ்டார்ட்' என்று ஒரு பட்டன். அதுவரை கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற டாஸ்தான் பலருக்கும் தெரியும். அந்தப் பட்டன் வந்த பிறகுதான், கட்டளை தெரியாதவனும் கம்ப்யூட்டர் முன் தைரியமாக உட்கார முடிந்தது. நம் பக்கத்துத் தட்டச்சுப் பயிலகங்களின் போர்டில் 'கம்ப்யூட்டர்' என்ற வார்த்தையும் சேர்ந்தது. அங்கே படித்தவர்கள் நோட்டில் எப்படி எழுதிக்கொண்டார்கள் என்று அண்ணன்மார்களுக்கு நினைவிருக்கும். ஸ்டார்ட், அப்புறம் புரோகிராம்ஸ், அப்புறம் இன்னது, அப்புறம் இன்னது. படிப்படியாக, சமையல் குறிப்பு மாதிரி. கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் ஸ்டார்ட்டைத்தான் அழுத்தணும் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்வார்கள். கேலி செய்தாலும் கை பழகிவிட்டது. 2001-ல் எக்ஸ்பி, 2007-ல் விஸ்டா, 2009-ல் விண்டோஸ் 7 என்று வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டே இருந்தார்களே தவிர, வாசற்படி அதே மூலையில்தான் இருந்தது.

2012 அக்டோபர் 26-ஆம் தேதி விண்டோஸ் 8 வந்தது. வாசற்படியைக் காணோம்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கலர் கலராகக் கட்டம் கட்டமாக ஒரு திரை. நாம் இத்தனை வருஷம் வேலை பார்த்த டெஸ்க்டாப்பே அதில் ஒரு கட்டமாக ஒடுங்கிவிட்டது. அதைத் தட்டி உள்ளே போனால் ஸ்டார்ட் பட்டன் கிடையாது. மவுஸை இடது கீழ் மூலையில் கொண்டுபோய் வைத்தால் மட்டும் எட்டிப் பார்க்கும். வலது மூலைக்குப் போனால் ஐந்து சின்னங்கள் நழுவி வரும். அவற்றில் ஒன்று 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பவர்', அதற்குள்தான் நிறுத்துகிற வழி. புதுவகை அப்ளிகேஷன்கள் திரை முழுக்க விரியும். அவற்றை மூடுகிற பெருக்கல் குறியும் இல்லை. மேல் விளிம்பைப் பிடித்துக் கீழே வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விடணும். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி.

இதைச் செய்தவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. 2010-ல் ஐபேட் வந்ததும், இனி மேஜைக் கம்ப்யூட்டருக்கு எதிர்காலம் இல்லை என்ற பயம் தொழில் முழுக்கப் பரவியது. விரலால் தொட்டு வேலை செய்கிற பலகைக்கும், மவுஸ் வைத்து வேலை செய்கிற மேஜைக்கும் ஒரே முகம் கொடுத்துவிடலாம் என்று மைக்ரோசாப்ட் கணக்குப் போட்டது. கையில் புள்ளிவிவரமும் வைத்திருந்தார்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வரும்போது ஸ்டார்ட் மெனுவின் பயன்பாடு 11 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2011-ல் அவர்களே சொன்னார்கள். அடிக்கடி வேண்டிய புரோகிராம்களை ஜனங்கள் கீழே உள்ள டாஸ்க்பாரில் குத்தி வைத்துக்கொள்கிறார்கள், மெனு பக்கம் போவது குறைந்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. நம்ம கெடிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்து, பாலம் தேவையில்லை என்று ஒருவர் அறிக்கை எழுதினால், கணக்கில் தப்பு இருக்காது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அந்த அறிக்கையை என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எப்போதாவது தேவைப்படுகிற பொருள் வேறு, தேவைப்படாத பொருள் வேறு. எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று எண்ணுகிற இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, ஜனங்கள் என்ன செய்தார்கள்? சத்தம் போட்டவர்கள் ஒரு பக்கம். பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அது பெரிசில்லை. சத்தம் போடாதவர்கள் செய்ததுதான் முக்கியம். புதுசு வேண்டாம், பழசே போதும் என்று கம்பெனிகள் விண்டோஸ் 7-லேயே உட்கார்ந்துவிட்டன. விண்டோஸ் 8-ன் புரோ பதிப்பை வாங்கினவர் சட்டப்படியே 7-க்கு இறங்கிக்கொள்ளலாம் என்று உரிமமே இருந்தது. இறங்க முடியாதவர்கள் 'கிளாசிக் ஷெல்' என்று ஒரு இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டார்கள். காணாமல் போன மெனுவை அது அப்படியே திரும்பக் கொண்டுவந்து வைத்தது. இதற்காகவே விலைக்கும் மென்பொருள்கள் விற்றன. கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், ஜனங்கள் ஏணி வாங்கினார்கள்.

நம் ஊர் மண்டிகளில், முந்திரிக் கொட்டகைகளில், ஆடிட்டர் ஆபீஸ்களில் கணக்கு எழுதுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதில் பேரேட்டை மூடிவிட்டு கம்ப்யூட்டருக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் படிப்படியான வரிசைதான் சொத்து. கடையில் அவர்களுக்கு இருந்த மரியாதையும் அதனால் வந்ததுதான். "கம்ப்யூட்டரா, அவரைக் கேளுங்க" என்று முதலாளி கையைக் காட்டுவார். திரை ஒரு நாள் ராத்திரியில் மாறிவிட்டால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் "தம்பி, இதை எப்படிப்பா நிறுத்தறது?" என்று அவர் கேட்க வேண்டி வரும். பையன் இரண்டு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவான். பிரச்சினை அந்த இரண்டு நிமிஷம் இல்லை. கேட்க வேண்டி வந்ததே, அதுதான். வடிவமைப்பாளர்கள் இதைப் 'பழக்கத்தை மாற்றத் தயக்கம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இயங்குதளம் மட்டுமில்லை, டேலி வைத்திருக்கிறவர்களுக்கும் இது தெரியும். 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோது சில விசைகள் இடம் மாறின. பழைய ஈஆர்பி 9-ல் ஆல்ட் எஃப்5 என்றால் விற்பனை ஆர்டர். பிரைமில் அதே விசை டெபிட் நோட். கண்ட்ரோல் எஃப்8 முன்பு கிரெடிட் நோட். இப்போது விற்பனை ஆர்டர். கண் திரையில் இல்லாமல் விரலாலேயே வேலை செய்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, பத்து வருஷம் வவுச்சர் போட்டவரைக் கேளுங்கள். ஆனாலும் கட்டணம், வரவு, விற்பனை, கொள்முதல் ஆகிய அன்றாட விசைகளில் அவர்கள் கை வைக்கவில்லை. அந்த ஜாக்கிரதை பாராட்டத்தக்கது.

விண்டோஸ் 8-க்கும் நியாயம் சொல்லணும். சீக்கிரம் எழுந்துகொண்டது. வைரஸ் தடுப்பு உள்ளேயே இருந்தது. பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது நடுவில் நிறுத்தி வைக்கலாம். இதையெல்லாம் யாரும் பேசவில்லை. வாசற்படியைத் தேடுகிறவன் கண்ணில் கொல்லைப்புறத் தோட்டம் எப்படித் தெரியும்?

அந்தப் பதிப்புக்குத் தலைமை வகித்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, வெளியீடு முடிந்து மூன்று வாரம் ஆவதற்குள், 2012 நவம்பரில் கம்பெனியை விட்டுப் போனார். 2013 அக்டோபர் 17-ல் விண்டோஸ் 8.1 வந்தது, பட்டன் திரும்பி வந்தது. அழுத்தினால்? அதே கட்டம் போட்ட திரை! மெனுவைக் கேட்டவர்களுக்குப் பட்டனைக் கொடுத்தார்கள். தண்ணீர் கேட்டவனுக்குச் சொம்பைக் கொடுத்த கதை. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி வந்த அப்டேட்டில்தான் கம்ப்யூட்டரை நிறுத்துகிற பட்டனைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்கள். அதே தேதியில்தான் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. கடைசியில் 2015 ஜூலை 29-ல், விண்டோஸ் 10-ல், மெனு முழுசாகத் திரும்பியது. 8-ஐ அடுத்து 9 என்ற பெயரே வரவில்லை. மூன்று வருஷ ஓட்டம், புறப்பட்ட இடத்துக்கே.

"லினக்ஸுக்குப் போயிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். இருங்கள், வருகிறேன். அங்கேயும் இதே கூத்து ஒரு வருஷம் முன்னாடியே நடந்தது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. அதே மாதம் உபுண்டு தன் முகத்தை யூனிட்டி என்று மாற்றிக்கொண்டது. லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3-ஐக் கடுமையாகத் திட்டிவிட்டு வேறு முகப்புக்கு மாறினார். ஆனால் ஒரு வித்தியாசம். பழைய க்னோமின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், பிடிக்காதவர்கள் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் 'மாட்டே' என்ற பெயரில் வளர்த்தார்கள். யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. விண்டோஸில் வாடகைக்கு இருந்தோம். இங்கே பாகம் பிரித்துக்கொண்டு போக முடிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நமக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எக்ஸ்பி முடிந்தபோது, பாஸ் லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தவும் செய்தது. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டும் கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் விண்டோஸைத்தான் திறந்தார்கள் என்பதை மடிக்கணினி வாங்கின வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பாஸ் கெட்டது என்பதால் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லணும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ் 99 விசைப்பலகை அரசின் தரமாயிற்று. அறிவியல் முறையில் அமைந்த நல்ல பலகை. ஆனால் பழைய தட்டச்சு முறையில் கை பழகியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தமிழ் மென்பொருள் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? என்எச்எம் ரைட்டர் மாதிரி மென்பொருள்களில் தமிழ் 99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, உங்களுக்கு எது வருமோ அதில் அடியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். யாருடைய பிழைப்பும் கெடவில்லை. சியாட்டல் பக்கம் இருக்கிற பெரிய கம்பெனிக்குத் தோன்றாதது நம்ம ஆட்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ல் வந்தது. ஸ்டார்ட் பட்டனை நடுவில் வைத்தார்கள். பழையபடி இடது பக்கம் வைத்துக்கொள்ளவும் ஒரு வழி விட்டார்கள். 2012 கொடுத்த பாடம் அந்த அளவுக்காவது நினைவிருந்திருக்கிறது. இந்தத் தடவை அடி வேறு இடத்தில். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்றார்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் தகுதி இழந்தன.

நம் சங்கத்தின் உதவியால் ஓர் அரசுப் பள்ளியில் நடக்கிற ஆய்வகத்தில் அப்படி இருபது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று ஒரு தீர்மானம். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும், அந்தப் பணத்தில் வேறு வேலை செய்யலாம் என்று இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் கை தூக்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்த ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற டீச்சரையும், மதிப்பெண் பட்டியல் அடிக்கிற அலுவலக உதவியாளரையும் நம்மில் யாரும் இதுவரை கேட்கவில்லை. முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டே முகப்போடு போட்டுக் கொடுப்போம். ஒரு மாதம் அவர்கள் புழங்கட்டும். பழைய மெனு இருந்த இடத்திலேயே மெனு இருக்கும்படி வைப்போம். பிரிண்டர் வேலை செய்கிறதா, பழைய தமிழ் ஃபைல்கள் எழுத்துச் சிதையாமல் திறக்கின்றனவா என்று அவர்களே பார்க்கட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், புதிது வாங்குகிற தீர்மானத்துக்கு நானே முதலில் கை தூக்குகிறேன்.

அந்த ஒரு மாதமும் சனிக்கிழமை தோறும் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். நான் வருகிறேன். இன்னும் மூன்று பேர் வேண்டும். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் செயலாளர் அண்ணனிடம் பேர் கொடுத்துவிடுங்கள்.