ஓரகடத்தில் ஒரு பிளாப்பி டிரைவ்

இன்னைக்கு பிளாப்பியில இருந்து ஓஎஸ் போடுறது எப்படின்னு பார்க்கலாம். சிரிக்காதீங்க, இது மியூசியம் சமாச்சாரம் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கினது 1998. அந்தக் காலத்து மெஷின்கள், சிலது அதைவிடப் பழசு, ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் பக்கத்து ஜாப் ஒர்க் ஷெட்கள்ல இன்னும் ஓடிட்டு இருக்கு. இரும்பு கெட்டியா இருக்கும். சாகிறது கன்ட்ரோல் கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க்தான். புது மெஷின்னா பல லட்சம். ஓனர் உடனே, "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்தானே படிச்சீங்க, ஒரு எட்டு வந்து பாருங்க"ம்பார். (நம்ம படிச்சது ஜாவாங்கிறது அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது!)

பெரும்பாலும் உள்ளே இருக்கிறது டாஸ். 6.22-ன்னா மூணு பிளாப்பி, ஒவ்வொண்ணும் 1.44 எம்பி. டாஸ் போனா இன்னொரு காப்பி தேடிக்கலாம். ஆனா மெஷின் கம்பெனி கொடுத்த பிளாப்பி, அந்த ஒரே மெஷினுக்கான பேராமீட்டர்களோட இருக்கிறது, போனா போச்சு. அந்தக் கம்பெனியே இன்னைக்கு இல்லாமப் போயிருக்கலாம்.

அதனால எடுத்த உடனே மெஷின்ல சொருகாதீங்க. மூலையில இருக்கிற சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைங்க. இனிமே அதுல எதுவும் எழுத முடியாது. ஷட்டரை நகர்த்தி உள்ளே பூஞ்சை இருக்கான்னு பாருங்க. பூஞ்சை பிடிச்ச டிஸ்க் டிரைவோட ஹெட்டையும் அழுக்காக்கும், அடுத்து போடுற நல்ல டிஸ்க்கையும் கீறிடும். அப்புறம் லேப்டாப்ல யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் மாட்டி, ஒவ்வொரு டிஸ்க்கையும் முழு இமேஜா எடுத்துக்கோங்க. விண்டோஸ் 95-ன்னா இதுல ஒரு சிக்கல்: 13 பிளாப்பி, அதுல முதல் டிஸ்க் தவிர மத்ததெல்லாம் 1.68 எம்பி திணிச்ச ஃபார்மேட். யூஎஸ்பி டிரைவ்ல பொதுவா படிக்காது, பழைய 34 பின் டிரைவ்தான் வேணும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா ஐடிஇ அடாப்டர்ல காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு போடலாம். பெரிய கார்டு வாங்கிடாதீங்க. ரொம்பப் பழைய பயாஸ் 504 எம்பிக்கு மேல பார்க்காது. டாஸுக்கே ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிதான். எஃப்டிஸ்க், ஃபார்மேட், செட்டப், இதெல்லாம் அரை மணி நேர வேலை. நடுவுல "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்"னு வந்தா பதறாம ஆர் தட்டுங்க. நாலாவது தடவை படிச்சிடுறதும் உண்டு. படிக்கலைன்னா வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க. ஒரு டிரைவ்ல எழுதினது அலைன்மென்ட் மாறின இன்னொண்ணுல படிக்காது.

சான்பிரான்சிஸ்கோவுல 1998-ல போட்ட ரயில் கன்ட்ரோல் சிஸ்டமும் பிளாப்பியில இருந்துதான் லோட் ஆகுது. அதை மாத்த ஒப்பந்தம் போட்டதே 2024-லதான். சோனி பிளாப்பி விற்பனையை நிறுத்தினதோ 2011-ல. மிச்சம் இருக்கிறதெல்லாம் பழைய ஸ்டாக்.

அதனால மெஷின் ஓட ஆரம்பிச்சதும் கையோட ஒரு கோடெக் எமுலேட்டர் மாட்டிடுங்க. அதே கேபிள்தான், பென் டிரைவ்ல இருக்கிற இமேஜை பிளாப்பின்னு நம்ப வைக்கும். எந்த நம்பர்ல எந்த டிஸ்க்னு ஒரு பேப்பர்ல எழுதி பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு வாங்க.