மொய் நோட்டும் ஒரு நாற்காலியும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டும் ஒன்றுதான்.

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கழுத்து நிற்காது, தானாக உட்கார முடியாது. படுத்தே கிடந்தால் முதுகு வளைந்துவிடும். சோறு ஊட்டினால் புரையேறும். தலையையும் இடுப்பையும் தாங்குகிற, அவன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலி வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். விலை 68,000 ரூபாய். மச்சான் வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அரசு கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு உதவிக் கருவிகளை இலவசமாகக் கொடுக்கத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. அதே பிரிவு 'அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்றும் சொல்லிவைத்திருக்கிறது. விண்ணப்பித்தோம். முகாமில் கிடைத்த நாற்காலியில் அவனை உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தான். அளவு பொருந்தவில்லை. மறுபடி மனு கொடுத்துவிட்டு, குடும்பமாகப் பணம் திரட்ட முடிவுசெய்தோம்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி பிறந்தால் மொய் விருந்து நடக்கிற மண். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியதை நோட்டில் எழுதி, அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வார்கள். வங்கி திரும்பிப் பார்க்காத காலத்திலும் கிணறு வெட்டியது, கடை வைத்தது எல்லாம் இந்தப் பணத்தில்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே சாதிப் பெயர்கள்தான்.

நாங்கள் நிலம் வைத்திருக்கும் இடைநிலைச் சாதி. மச்சான் தலித். அக்கா கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பந்தலும் இல்லை, மொய்யும் இல்லை. அப்பா முப்பது வருடமாக ஊரெல்லாம் எழுதிய மொய் அவருக்குத் திரும்பவே இல்லை. அக்காவிடம் அவர் பேசுவதையும் நிறுத்தியிருந்தார்.

நாங்கள் பணம் திரட்டுவது தெரிந்ததும் பெரியப்பா முறையுள்ள ஒருவர் வந்தார். சாதிச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். "முழுப் பணத்தையும் இந்த வாரமே சங்கத்துல வாங்கித் தர்றேன் தம்பி. நம்ம வீட்டுப் பிள்ளைன்னு நோட்டீஸ் போடு. அப்பன் பேரு மட்டும் வேணாம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் தயங்கினேன். ஆய்வேட்டில் சாதி ஒழிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன்தான். பையன் முதுகு நாளுக்கு நாள் வளைகிறது, ஒரு பெயர்தானே என்று நினைத்தேன். அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "நாளைக்கு அவன் அந்த நாற்காலியில உட்காரும்போது, அவங்க அப்பா எங்கடா நிப்பாரு?"

மறுத்துவிட்டோம்.

பிறகு நாங்களே நோட்டீஸ் எழுதினோம். தாய், தந்தை இருவர் பெயரும் போட்டோம். கடை கொடுத்த கொட்டேஷனை இணைத்தோம். குழந்தை அழுகிற படம் போட்டால் பணம் கூடும் என்று நண்பர்களே சொன்னார்கள். அவன் சிரிக்கிற படத்தைப் போட்டோம். வந்த ஒவ்வொரு ரூபாயையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கணக்குக் காட்டினோம். மச்சான் தெரு மகளிர் குழு கொடுத்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராத ஆய்வு மாணவர்கள் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தார்கள்.

ஒருநாள் அப்பா, யாரிடமும் சொல்லாமல், பழைய மொய் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "நான் செஞ்சதைத்தான் கேக்குறேன், பேரனுக்கு" என்றாராம். மொய்யைத் திருப்பாதது எங்கள் ஊரில் பெரிய அவமானம். அப்படியிருந்தும், "அது நம்ம வீட்டு விசேஷத்துக்குச் செஞ்சதுல்ல" என்று பலர் கதவைச் சாத்தினார்கள். பதினொரு வீடுகள் கொடுத்தன. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, பேச அனுமதிக்கப்படாத உரையில், சாதி மனிதரின் ஈகைக்கும் இரக்கத்துக்கும்கூட எல்லை போட்டுவிடுகிறது என்று அம்பேத்கர் வாதிடுகிறார். நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அப்பா அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நாற்காலி வர மூன்றரை மாதம் ஆனது. அதற்குள் முதுகு வளைவு கொஞ்சம் கூடியிருந்தது. அந்தத் தாமதத்தால்தானா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாங்கள் கொள்கையைக் காப்பாற்றினோம் என்று பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. விலை கொடுத்தது அவன் என்றால், விலை கேட்டது யார் என்பதை மட்டும் மறக்க மாட்டேன்.

சாதி என்பது அடிக்கிற கை மட்டுமல்ல தோழர்களே, ஆபத்தில் நீளுகிற கையும்தான். அதனால்தான் அதை விட்டு வெளியே வருவது இவ்வளவு கடினம். சாதி மறுத்து மணந்தவர்களுக்கு மாலை போட்டு, முழக்கம் எழுப்பி அனுப்பிவிடுகிறோம். ஆறு வருடம் கழித்து அவர்கள் குழந்தைக்கு ஒரு நாற்காலி தேவைப்படும்போது நாம் எங்கே இருக்கிறோம்? அரசிடம் உரிமையைக் கேட்போம், விடாமல் கேட்போம். அது வந்து சேரும்வரை தாங்குவதற்குச் சாதி இல்லாத ஒரு மொய் நோட்டு நமக்கு வேண்டும்.

அக்கா ஒரு புது நோட்டுப் போட்டிருக்கிறாள். கொடுத்த எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது. செலவுபோக 3,400 ரூபாய் மிஞ்சியது. அதே பிசியோதெரபி அறைக்கு வருகிற இன்னொரு பிள்ளையின் கால் பட்டைக்கு அதைக் கொடுத்தாள். மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டுமே என்றாள்.

ஜெய்பீம்.