நிற்கும் காருக்கும் பசிக்கும்



2020 மார்ச் 18-ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் பல, வாரக்கணக்கில் அசையவே இல்லை. ஓடாத காருக்கு என்ன தேய்மானம் வரப்போகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறகு சாவியைத் திருப்பியபோது ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டது. எண்ணெய் இருந்தது, டயரில் காற்று இருந்தது. பேட்டரியில்தான் உயிர் இல்லை.

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பேருந்து வசதி குறைந்த தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் வாழ்பவர்களுக்குக் கார் ஓர் ஆடம்பரம் அல்ல. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும், மகளுக்குப் பிரசவ வலி கண்டாலும் அதுதான் துணை. அந்த நேரத்தில் கார் கைவிட்டால் குடும்பம் என்ன செய்யும்?

நிற்கும் கார் மின்சாரம் உண்ணாது என்பது தவறான எண்ணம். திருட்டு எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஆகியவை இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. இவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி நேரம் செலவாகிறது. மூன்று வாரத்தில் 25-க்கும் மேல். சாதாரண சிறிய காரின் பேட்டரி கொள்ளளவோ 45 ஆம்பியர் மணி நேரம்தான். பாதிக்கு மேல் போய்விட்டது! கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேமை மாட்டியிருந்தால், இன்னும் வேகமாகத் தீரும்.

பேட்டரியின் உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. சார்ஜ் குறையும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் கற்கண்டு போல் இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது.

அடுத்த எதிரி வெப்பம். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பேட்டரி தன் பலவீனத்தைக் காட்டும். ஆனால், அதன் ஆயுளைக் குறைப்பது வெப்பமே. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயில். எஞ்சின் மூடிக்குள்ளே அதைவிடச் சூடு. எனவே இரண்டு ஆண்டுகளைக் கடந்த பேட்டரியை, அது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் பட்டறையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பேட்டரியின் நிலையை அறிய எளிய வழி உண்டு. சில மணி நேரம் கார் நின்ற பிறகு வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் அவசரமாகக் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரைச் சோதிக்க வேண்டும்.

பராமரிப்பு கடினமானதல்ல. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் காரை ஓட்டுங்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட முழுதாகத் திரும்பி வராது. முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து எடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால், காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும். ஒரு மாதம் தமிழகம் போய் வருபவர்கள், புறப்படும் முன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துவிடலாம்.

பேட்டரி செத்துப்போனால் ஜம்பர் கேபிள் கைகொடுக்கும். ஆனால், வரிசை முக்கியம். இரண்டு கார்களையும் அணைத்துவிடுங்கள். சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியின் ஒரு முனை நல்ல பேட்டரியின் எதிர்முனைக்கு. மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் சாயம் பூசாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரிக்கு அருகில் பறக்கக்கூடாது. பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பதும் ஆபத்து. நல்ல காரின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள்.

மின்சாரக் கார் வாங்கியவர்களும் கவலை விட்டது என்று இருந்துவிட வேண்டாம். பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்றும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் உண்டு. அது தீர்ந்தால் கதவு திறப்பதே சிரமம்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் வீசாதீர்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது கட்டுப்படுத்தப்பட்ட கழிவுகளில் ஒன்று. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

இந்த வார இறுதியில் காரைக் கழுவும்போது, எஞ்சின் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வெளியே பளபளப்பது அழகுக்கு. உள்ளே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான் அவசரத்துக்கு.