திரும்பிப் பார்க்காத அரசன்



மாணவன் ஒருவனுக்கு நான் சொல்லவேண்டிய விடையொன்று பல ஆண்டுகளாகக் கடனாக நிற்கிறது. அதை இன்று இந்த உரையிலே தீர்த்துவிட எண்ணுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றில் நான் ஆங்கிலம் படிப்பித்த காலம் அது. அன்றைய பாடம் ஷெல்லியின் பதினான்கு அடிக் கவிதையொன்று. பாலைவனத்திலே உடைந்து கிடக்கும் ஓர் எகிப்திய அரசனின் சிலையைப் பற்றியது. அரசனின் பெயர் ஒஸிமாண்டியஸ். கவிதையின் தலைப்பும் அதுவே. திருக்கடலூரிலிருந்து வரும் பையன் ஒருவனை எழுந்து வாசிக்கச் சொன்னேன். அவன் தலைப்பை 'ஒசிமாண்டியார்' என்று வாசித்தான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான்: "சேர், நீங்கள் சொல்லுறமாதிரிக் கூப்பிட்டால் அந்த ராசா திரும்பிப் பார்ப்பாரோ?"

"இரு" என்றேன். இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் வாய்திறந்து வாசித்ததே இல்லை.

விடை தெரியாதபடியாற்றான் அவனை அதட்டினேன். பின்னாளில் நூல்களைப் புரட்டியபோது அந்த விடை மெல்ல மெல்லக் கிடைத்தது.

அந்த அரசன் வேறு யாருமல்லன், கி.மு. 1279 முதல் 1213 வரை எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்சேஸ். அரியணை ஏறியபோது அவன் சூடிய பெயரின் முற்பகுதியை அறிஞர்கள் இன்று 'உசெர்மாத்ரே' என்று எழுதுகிறார்கள். 'ரே என்னும் சூரிய தேவனின் நீதி வலியது' என்பது அதன் பொருள். அவன் காலத்து அயலவரான ஹிட்டைட்டுகள் அதையே தம் களிமண் ஏடுகளில் 'வஷ்முஆரியா' என்று பதிந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், கி.மு. முதலாம் நூற்றாண்டில், டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியரின் நூலிலே அது 'ஒஸிமாண்டியஸ்' ஆகிவிட்டது. கிரேக்க நாவுக்கு ஏற்பத் திரிந்து, கிரேக்க ஆண்பெயருக்குரிய ஈறும் பெற்றது. என் மாணவன் அந்த ஈற்றைக் கழற்றிவிட்டு, அரசனாயிற்றே என்று மரியாதையாகத் தமிழ் ஈறொன்றைப் பூட்டினான். கிரேக்கர் செய்தால் வரலாறு. திருக்கடலூர்ப் பையன் செய்தால் பிழை!

ஷெல்லி எகிப்துக்குப் போனதில்லை. 1817ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிய அக்கவிதையை, மறு ஜனவரியில் லண்டன் 'எக்ஸாமினர்' இதழில் வெளியிட்டான். பெயரை ஐந்து அசையாக உச்சரிக்கலாம். கவிதை அடியின் ஓசையோ நான்குக்குத்தான் இடம் தருகிறது. ஆக, கவிஞனும் ஓர் அசையை விழுங்கியவனே.

அன்றிலிருந்து ஆங்கிலத்தில் அப்பெயர் ஓர் அரசனைக் குறிப்பதைவிட, இறுமாந்து இடிந்துபோன எதையும் சுட்டும் சொல்லாகவே வழங்குகிறது. 2013இல் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்று, தன் நாயகனின் வாழ்வு சரியும் அத்தியாயத்துக்கு அதையே தலைப்பாக வைத்தது. ஆனால் இதே அரசன் ஹிட்டைட்டுகளோடு நெடுநாட் பகையை முடித்துச் சமாதான உடன்படிக்கை செய்தவன். அதன் பிரதியொன்று ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை.

திரிந்த பெயரோடு வாழ்வது நமக்கும் புதிதல்லவே. சம்பந்தர் பாடிய கோணமாமலை, ஆங்கிலேயர் நாவில் 'ட்ரிங்கோமலி' ஆயிற்று. ஷெல்லி கவிதை எழுதிய அதே 1817இல், பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டி வெள்ளோட்டம் விட்ட பிரித்தானியப் போர்க்கப்பலுக்கும் அப்பெயரையே இட்டார்கள். பின்பு கைமாறி வேறு பெயர் சூடிய அக்கப்பல், 1992இல் பழைய பெயரை மீளப் பெற்று, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிக்கு நிற்கிறது. நம் ஊரிலேயே, ஆங்கிலப் பலகையில் 'ஓர்ஸ் ஹில்' என்பது தமிழில் உவர்மலை. ஓசையில் இரண்டும் உறவு. பொருளிலோ ஒன்று ஆளின் பெயர், மற்றது உப்பின் பெயர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடல்கடந்த நாட்டில் ஒருவர் 'ட்ரிங்கோ' என்றால், நம்மவர் சட்டெனத் திரும்பிப் பார்க்கிறார்கள். "எங்கள் ஊர் திருகோணமலை" என்று திருத்திச் சொல்லவும் வாயிருக்கிறது. அந்த அரசனுக்கோ, "அது என் பெயரல்ல" என்று சொல்ல ஆளில்லை. பெயர் திரிவது பெரிய கேடல்ல. திருத்திச் சொல்லும் வாயை அடைப்பதுதான் கேடு. அன்று வகுப்பில் நான் செய்தது அதைத்தான்.

தம்பி, எங்கேயாவது இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. நான் சொன்னமாதிரிக் கூப்பிட்டாலும் சரி, நீ சொன்னமாதிரிக் கூப்பிட்டாலும் சரி, அந்த ராசா திரும்பிப் பார்க்கமாட்டார். நீ கேட்டது நல்ல கேள்வி. நான் சிரித்திருக்கக்கூடாது.