திரைப்படத்திற்குக் கதை எழுதுதல்



தோட்டத்துத் திடலில் கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வதுண்டு. பொழுது சாயும் முன்பே பாய் விரித்து இடம் பிடித்தவர்கள் அவர்கள். இப்போதோ படம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. நடித்தவர் யார், பாடியவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் உடனே விடை சொல்லுவார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனந்தான். படப்பிடிப்புத் தொடங்குவதற்கு முன்பே ஒரு படம் தாளில் உருவாகியிருக்க வேண்டும். தாளில் இருக்கும் அந்தப் படத்திற்குத் திரைக்கதை என்று பெயர். அதன் அரிச்சுவடியை இன்று பார்ப்போம்.

இது நமக்கு எட்டாத கலை என்று எண்ண வேண்டாம். நமது பினாங்கில் 1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் நாள் பிறந்தவர் பி. ரம்லீ. எளிய குடும்பத்துப் பிள்ளை. இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்பவர் இவருடைய பாட்டைக் கேட்டு, 1948ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். பின்னணி பாடியும் துணை வேடங்களில் நடித்தும் வந்த ரம்லீ, 1950ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் கதாநாயகன் ஆனார். அவர் தாமே எழுதி, தாமே முதன்முதலாக இயக்கிய படம் 1955ஆம் ஆண்டில் வெளிவந்த 'பெனாரெக் பேச்சா'. பேச்சா என்றால் மூன்று சக்கர மிதிவண்டி. அதை ஓட்டும் ஏழை இளைஞன் ஒருவனுக்கும் பணக்காரர் வீட்டுப் பெண் ஒருத்திக்கும் இடையே அரும்பும் அன்பே கதை.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாட்டை ஒரு கட்டுரையில் எழுதினால் இரண்டு பக்கம் வேண்டும். படத்தில் அந்த வண்டியே போதும். ஒருவன் வியர்வை சிந்தி மிதிக்கிறான். ஒருத்தி அமர்ந்து போகிறாள். யாரும் வாய் திறந்து விளக்க வேண்டியதில்லை. கண் பார்த்தவுடனே மனம் புரிந்துகொள்கிறது.

திரைக்கதையின் முதல் விதி இதுதான்: கண்ணால் காணக்கூடியதையும் காதால் கேட்கக்கூடியதையும் மட்டுமே எழுத வேண்டும். நாவலாசிரியர் "அவள் மனம் கலங்கினாள்" என்று எழுதலாம். திரைக்கதை எழுதுகிறவர் அப்படி எழுதினால் போதாது; கலங்கிய மனத்தைப் படம் பிடிக்கும் கருவி எதுவும் இல்லையல்லவா? கலங்கியவள் என்ன செய்தாள் என்பதை எழுத வேண்டும். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்று எழுதினால் அது திரைக்கதை.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். அதற்குப் பினாங்குத் துறைமுகத்தை விடப் பொருத்தமான இடம் ஏது? நம் முன்னோர்களில் பலர் இந்த மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் அது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பம் அரிது. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1973ஆம் ஆண்டு வரை வங்கக் கடலைக் கடந்து மக்களை ஏற்றி இறக்கியது. ஒரு பாட்டி தம் பேரப்பிள்ளையிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "1950லே எங்க அப்பாவோட கப்பல்லே வந்தேன். எறங்கினதும் ஒரே கூட்டம். ரொம்பப் பயமா இருந்துச்சு."

இதைத் திரைக்கதையாக எழுதும்போது, முதலில் காட்சி எண், பிறகு காட்சி நடப்பது கட்டடத்தின் உள்ளேயா வெளியேயா, பிறகு இடம், பிறகு பொழுது. அதன்பின் நடப்பதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும். இதோ:

காட்சி 1. வெளியே. பினாங்குத் துறைமுகம். காலை.

கப்பல் ஊதுகிறது. பலகைப் படியில் ஆட்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறார்கள். அவர்களிடையே 8 வயதுச் சிறுமி. ஒரு கையில் தூக்குச் சட்டி. மறு கை அப்பாவின் வேட்டி முனையைப் பற்றியிருக்கிறது. கூட்டம் நெருக்குகிறது. வேட்டி முனை நழுவுகிறது. சிறுமி கையை நீட்டி மீண்டும் பற்றிக்கொள்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த வேட்டி வேறு ஒருவருடையது.

மனிதர்: யாரைத் தேடுறே, பாப்பா?

சிறுமி பேசவில்லை. தூக்குச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.

மாணவர்களே, இதில் "பயம்" என்ற சொல் எங்கேயும் வரவில்லை. ஆனால் பயம் முழுவதும் இருக்கிறது. கூட்டம் என்று பாட்டி சொன்னது நெருக்கலாக வந்தது. பயம் என்று சொன்னது நழுவிய வேட்டி முனையாக வந்தது. இப்படி மாற்றத் தெரிந்துகொள்வதே இந்தக் கலையின் பாதி. கருவியை எங்கே வைப்பது, எவ்வளவு அருகில் காட்டுவது என்பனவற்றை இயக்குநர் பார்த்துக்கொள்வார். எழுதுகிறவர் நடப்பதைத் தெளிவாக எழுதினால் போதும். ஒழுங்கான அமைப்பில் எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய 1 நிமிடம் ஓடும் என்பது தொழில் செய்வோரின் கணக்கு. 2 மணி நேரப் படத்திற்குச் சுமார் 120 பக்கம் வேண்டும்.

அடுத்தது உரையாடல். தமிழ்ப்படம் என்றாலே வசனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'பராசக்தி'யில் மு. கருணாநிதி எழுதிய வசனங்களை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை ஒன்று இருந்தது. அந்தப் படம் நாடக மேடையிலிருந்து வந்தது. ஆகவே பேச்சே அதன் உயிர். 1979ஆம் ஆண்டில் மகேந்திரன் எழுதி இயக்கிய 'உதிரிப்பூக்கள்' வேறு வழியில் சென்றது. பேச்சு மிகக் குறைவு. பார்வையும் மௌனமும் கதையைச் சொல்லின. இரண்டும் நல்ல வழிகளே. ஆயினும் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் பேச்சில்லாமல் ஒரு காட்சியை எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு பேச்சு இல்லாமல் முடியாது என்ற இடத்தில் மட்டும் அதைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது மண்டோர் பேசுவது போல் மண்டோரும், கிராணி பேசுவது போல் கிராணியும், நம் பாட்டி பேசுவது போல் பாட்டியும் பேச வேண்டும். எல்லாரும் பாடப்புத்தகம் போலப் பேசினால் படம் பார்ப்பவர் நம்பமாட்டார்.

இனி, காட்சிகளைக் கோப்பது எப்படி? மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மனிதருக்கு என்ன வேண்டும்? அதற்குத் தடையாக நிற்பது எது? முடிவில் என்ன ஆகிறது? நம் நாட்டிலேயே நம் வாழ்வை எடுத்துக்கொண்ட இரண்டு தமிழ்ப்படங்களைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டில் தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை', 1960ஆம் ஆண்டுகளின் ரப்பர்த் தோட்டத்தில் நடக்கிறது. ஒரு பெண்ணுக்கு மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசை. தோட்டத்துக் குடும்பத்தின் வறுமை குறுக்கே நிற்கிறது. 2015ஆம் ஆண்டில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', தோட்டம் விட்டுப் புறம்போக்குக் குடிசைக்கு வந்த குடும்பத்துச் சிறுவன் அப்போய் என்பவனின் கதை. மகன் படிக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. சுற்றியுள்ள குண்டர் கூட்டமோ அவனை வேறு பக்கம் இழுக்கிறது. இந்தப் படம் 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. நம் லயத்து வீட்டுக் கதை நாடு முழுவதும் பேசப்படும் தகுதி உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விடை கிடைத்தபின் ஒவ்வொரு காட்சியையும் ஒவ்வொரு அட்டையில் ஒரே வரியில் எழுதித் தரையில் பரப்புங்கள். ஓர் அட்டையை எடுத்துவிட்டாலும் கதை குறையவில்லை என்றால் அந்தக் காட்சி தேவையில்லை. ஒரு காட்சியின் காரணமாக அடுத்தது நடக்க வேண்டும். "பிறகு, பிறகு" என்று போகும் கதை தளரும். "ஆகையால், ஆனால்" என்று போகும் கதை நிற்கும்.

இப்போது பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெறுமனே "அந்தக் காலத்திலே ரொம்பக் கஷ்டமா?" என்று பிள்ளைகள் கேட்டால், "ஆமாம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். கேட்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள். கப்பலிலிருந்து இறங்கும்போது கையில் என்ன இருந்தது? கரையில் முதலில் பேசியவர் யார்? ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் வைத்தார்களா? அங்கே என்ன சாப்பாடு? முதல் நாள் பெரட்டுக்கு யார் எழுப்பினார்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் வரும் விடை ஒரு காட்சி.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தியத் தொழிலாளர்கள் உதவிப் பயணத்தில் இங்கு வருவதை இந்திய அரசாங்கம் 1938ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு முன் கைக்குழந்தையாக வந்தவர்களே இன்று 85 வயதைக் கடந்தவர்கள். ரஜூலாவின் கடைசிப் பயணங்களில் தாயின் மடியில் வந்தவர்களுக்குக்கூட 50 வயது தாண்டிவிட்டது. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறின, லயங்கள் இடிக்கப்பட்டன. அவற்றோடு, அங்கே வாழ்ந்தவர்களின் சொற்களும் எழுதப்படாமலே போய்விட்டால், நாளை யாரேனும் இந்தப் படத்தை எடுக்க முன்வந்தாலும் அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இராது.

ஆகவே மாணவர்களே, இந்த வாரத்து வேலை இதுதான். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் உட்காருங்கள். மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றைக் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லும் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சில்லாத ஒரு காட்சியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லடா, தூக்குச் சட்டி இல்லே, தகரப் பெட்டி" என்று அவர் திருத்தினால் மகிழுங்கள். இரண்டாவது காட்சி அங்கிருந்தே தொடங்கும்.