எதிராளியோடு உடன்படிக்கை: வில்லி பிராண்ட் முதல் நார்ட் ஸ்ட்ரீம் வரை



ஐரோப்பாவின் அயலுறவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு மாலைப் பொழுதில் கண்டம் முழுவதையும் சுற்றிவர எனக்கு விருப்பமில்லை. மாஸ்கோவோடு ஜெர்மனி அரை நூற்றாண்டு நடத்திய கொடுக்கல் வாங்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபின், அந்த உறவு தொடக்கத்திலிருந்தே ஏமாளித்தனம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிக் கருதவில்லை. தொடங்கியவர்கள் எதிராளி இன்னார் என்று தெரிந்தேதான் பேசினார்கள். பின்னால் வந்தவர்கள் அதை மறந்தார்கள்.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லினின் குறுக்கே, பின்னால் சுவராக மாறிய தடுப்பு எழுந்தபோது மேற்கு பெர்லினுக்கு மேயராக இருந்தவர் வில்லி பிராண்ட். அதற்குப்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கு பெர்லின்காரர்களால் கிழக்கே இருந்த தாயையோ தமக்கையையோ போய்ப் பார்க்க முடியவில்லை. கிழக்கு ஜெர்மனியை எந்த நாடு அங்கீகரித்தாலும் அந்த நாட்டோடு உறவை முறிப்பது பான் நகரிலிருந்த மேற்கு ஜெர்மன் அரசின் கொள்கை. ஹால்ஸ்டைன் கோட்பாடு என்பார்கள். சோவியத் ஒன்றியத்துக்கு மட்டும் விலக்கு. 1957இல் யூகோஸ்லாவியாவோடு உறவை முறித்தும் காட்டினார்கள். கொள்கை பத்தரைமாற்றுத் தங்கம்தான். அதனால் சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை.

நெருங்கிப் போய்த்தான் மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்று பிராண்டின் அணுக்கர் எகோன் பார் 1963 ஜூலையில் டுட்சிங் நகரில் பேசினார். அதே டிசம்பரில் கையெழுத்தானது அனுமதிச்சீட்டு உடன்பாடு. பெரிய உச்சி மாநாடுகளைவிட எனக்கு இதில்தான் ருசி அதிகம். கிழக்கு ஜெர்மனி தன் ஆட்களை மேற்கு பெர்லினில் உட்கார வைக்க விரும்பியது. அப்படி ஓர் அரசு இருப்பதாகவே மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மேற்கு பெர்லின் பள்ளிக்கூடங்களில் மேசை போட்டு, கிழக்கு ஜெர்மன் தபால் ஊழியர்கள் விண்ணப்பம் வாங்கினார்கள். தூதரக அதிகாரி வந்து அமர்ந்தால் இறையாண்மைச் சிக்கல். தபால்காரர் அமர்ந்தால் அது தபால் வேலை! இடங்களையும் அலுவலகங்களையும் என்ன பெயரால் அழைப்பது என்பதில் தங்களுக்குள் உடன்பாடு இல்லை என்பதையும் அந்த ஆவணத்திலேயே எழுதிவைத்தார்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டரை வாரங்களில் சுமார் 12 லட்சம் முறை மக்கள் சுவரைக் கடந்து போய் உறவினரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

1969இல் பிராண்ட் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானார். 1970 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான மாஸ்கோ உடன்படிக்கையிலும் அதே கைவேலையைப் பார்க்கலாம். போருக்குப் பிந்தைய எல்லைகளை மீறுவதில்லை என்று பான் ஒப்புக்கொண்டது. அன்றே ஒரு கடிதத்தையும் கொடுத்தது: ஜெர்மானியர் சுதந்திரமாக முடிவெடுத்து மீண்டும் ஒன்றாகும் குறிக்கோளுக்கு இந்த உடன்படிக்கை முரணானதல்ல. மாஸ்கோ அதை மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. வார்சாவில் பிராண்ட் மண்டியிட்ட படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். உள்நாட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1972 ஏப்ரல் 27 அன்று அவரை இறக்க 249 வாக்குகள் தேவைப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர் பார்செலுக்குக் கிடைத்தவை 247. பார்செலுக்கு விழாமல் போன வாக்குகளில் ஒன்றையாவது கிழக்கு ஜெர்மன் உளவுத்துறை பணம் கொடுத்து வாங்கியிருந்தது என்பது பின்னால் வெளிவந்தது. சமாதானத்தின் வரலாறு எப்போதும் சுத்தமான கைகளால் எழுதப்படுவதில்லை, பாருங்கள்.

எரிவாயு வணிகமும் அப்போதே தொடங்கிவிட்டது. 1970 பிப்ரவரி 1 அன்று எஸ்ஸன் நகரில் ஒப்பந்தம்: மன்னஸ்மான் நிறுவனம் குழாய்களைத் தரும், டாய்ச்ச வங்கி கடன் தரும், சோவியத் ஒன்றியத்திலிருந்து எரிவாயு வரும். 1973இல் வரவும் செய்தது. ஆனால் அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியின் ராணுவத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் இருந்தார்கள். நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குப் போனது. தற்காப்பும் பதற்றத் தணிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது 1967இல் பெல்ஜிய அமைச்சர் ஹார்மெலின் அறிக்கை வழியாக நேட்டோ ஏற்ற கொள்கை. பிராண்டின் பேச்சுவார்த்தை அதற்குள் நின்றுதான் நடந்தது.

அவர் வழியிலும் ஒரு குருட்டுப்புள்ளி இருந்தது. மாஸ்கோவையும் வார்சாவின் ஆட்சியாளரையும் கண்ட கண்களுக்கு அவர்களின்கீழ் இருந்த மக்கள் சரியாகத் தெரியவில்லை. 1985இல் வார்சா சென்ற பிராண்ட், சாலிடாரிட்டி தொழிற்சங்கத் தலைவர் வலேசாவைச் சந்திக்காமலே திரும்பினார். இந்தக் குறையைத்தான் பின்வந்தவர்கள் பெருக்கினார்கள். 2005இல் சான்சலர் ஷ்ரோடர் ஆட்சியின் கடைசி வாரங்களில் ஒப்பந்தமான நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய், போலந்தையும் உக்ரைனையும் தொடாமல் பால்டிக் கடலடியில் போனது. போலந்து எச்சரித்தது. கேட்பார் இல்லை.

2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே நார்ட் ஸ்ட்ரீம் 2க்கு ஒப்பந்தம். அதே 2015இல் ரெஹ்டனில் உள்ள, ஜெர்மனியின் மிகப் பெரிய எரிவாயுக் கிடங்கு, சொத்துப் பரிமாற்றம் ஒன்றில் ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ராம் கைக்குப் போனது. ஜெர்மன் படை 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. பாதுகாப்புச் செலவு 1.2 சதவீதம் அளவில். 2021 குளிர்காலம் தொடங்கும்போது அந்தக் கிடங்கு ஏறக்குறையக் காலியாகக் கிடந்தது. அப்போது ஜெர்மனியின் எரிவாயு இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இதற்கெல்லாம் பிராண்டின் பெயரைச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. அவர் கொடுத்த கடிதத்தையும் அவர் வைத்திருந்த படையையும் விட்டுவிட்டு, குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு வாரிசு என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அது ராஜதந்திரமாகத் தெரியவில்லை, வியாபாரமாகத்தான் தெரிகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்களைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். 1963இன் அந்த அனுமதிச்சீட்டு மேசையிலிருந்து ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றிய 1975 ஹெல்சிங்கி மாநாடு வரை நடந்த பேச்சுவார்த்தைகளை, ஆவணங்களைப் பார்த்துத் தமிழில் விரிவாக எழுத உங்களில் ஒருவராவது முன்வர வேண்டும்.